ஒட்டுதல் கூடினால் திசு இளகுமா? வெர்டெக்ஸ் மாதிரி குறித்து ஓர் ஐயம்

பவானிக்காரி:
கோவையில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். எபிதீலியத் திசுவை (உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் செல் படலத்தை) இடைவெளியற்ற பலகோணங்களாகக் கொண்டு, ஒவ்வொரு செல்லும் தனக்குரிய பரப்பையும் சுற்றளவையும் விட்டு விலகினால் ஆற்றல் கூடும் என்று கணக்கிடும் வெர்டெக்ஸ் மாதிரிக்கு ஆய்வேட்டுக்காக நிரல் எழுதியிருக்கிறேன். செல்களுக்கிடையிலான ஒட்டுதலைக் கூட்டினால் திசு இறுகும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ இளகிப் பாய்மம்போல் நடந்துகொள்கிறது. இது மாதிரியின் இயல்புதானா?

சென்னிமலையான்:
இயல்புதான், அம்மணி. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாக்கைக் குலுக்கி நிரப்பும்போது இடைவெளி குறையக் குறைய அது கெட்டிப்படுகிறது. செல் படலத்திலோ இடைவெளியே கிடையாது என்பதால் அடர்த்திக்கு அங்கே வேலையில்லை, வடிவமே தீர்மானிக்கிறது. ஒட்டுதல் மிகுந்தால் செல் அண்டைச் செல்லோடு நீண்ட விளிம்பைப் பகிர விரும்பும். அதாவது அதன் விருப்பச் சுற்றளவு கூடும். அதைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். ஒழுங்கு அறுகோணத்துக்கு 3.72, ஐங்கோணத்துக்கு 3.81 வரும். இந்த எண் ஏறத்தாழ 3.81ஐத் தாண்டும்போது திசு திண்மநிலையை இழக்கிறது என்று இயற்பியலாளர்கள் டாப்பெங் பி, லிசா மேனிங் ஆகியோர் 2015இல் காட்டினர். நான்கு செல்கள் கூடுமிடத்தில் ஒரு விளிம்பு சுருங்கிப் புள்ளியாகி, பின் குறுக்காக நீண்டு, ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்து எதிரெதிரே இருந்த இரண்டைச் சேர்க்கிறதல்லவா, அந்த இடமாற்றத்துக்குரிய ஆற்றல் தடை அவ்வெல்லையில் மறைந்துவிடுகிறது.

ஆனைமலை:
ஒன்றைச் சேர்க்கிறேன். விருப்பச் சுற்றளவில் ஒட்டுதலோடு செல்லின் சுருங்குவிசையும் கலந்திருப்பதால், ஒட்டுதல் கூடினால் உயிருள்ள திசு எதுவும் இளகும் என்று எழுதிவிடாதீர்கள். தேர்வாளர் முதலில் அங்கேதான் பிடிப்பார். சோதனைச் சான்று வேண்டுமானால், அதே 2015இல் மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் நடந்த ஆய்வைப் பாருங்கள்: ஆஸ்துமா உள்ளவர்களின் செல் படலம் இறுகி அசைவற்றுப்போக அதிக காலம் எடுத்துக்கொண்டது. இளகிய மாதிரித் திசுவை மெதுவாகச் சறுக்குத் திரிபுக்கும் (எதிரெதிர் விளிம்புகளை எதிர்த்திசைகளில் நகர்த்தும் உருக்குலைவுக்கும்) உட்படுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எதிர்ப்பே இராது. ஓர் அளவுக்குப் பின் விளிம்புகள் இழுபட்டுத் திசு தானாகவே விறைத்துக்கொள்ளும். எனக்கு மாதிரியில் மிகவும் வியப்பூட்டுவது அதுதான்.

பவானிக்காரி:
மிக்க நன்றி. விருப்பச் சுற்றளவை வகுத்து வரும் அந்த விருப்ப எண்ணை 3.9இலிருந்து 3.7ஆகக் குறைத்ததும் திசு இறுகிவிட்டது. ஆனால் செல்களின் உண்மையான வடிவத்தை அளந்தால் சராசரி 3.81க்கு அருகிலேயே நிற்கிறதே?

சென்னிமலையான்:
அப்படித்தான் நிற்கும். ஒழுங்கற்ற அடுக்கில் செல்களால் அதற்குக் கீழே போக முடிவதில்லை. விரும்பிய சுற்றளவு கிட்டாத அந்த இழுபறியே விளிம்புகளில் இழுவிசையாகத் தங்கித் திசுவுக்கு விறைப்பைத் தருகிறது. ஆகவே வரைபடத்தில் விருப்ப எண்ணையும் அளந்த எண்ணையும் தனித்தனி அச்சுகளில் குறியுங்கள்.