எங்கள் தெருவில் அந்த அறை வரலாமா?

சத்துவாச்சாரி வாசி:
எங்கள் தெருவில் காலியாக உள்ள மாடி அறையை ஒரு தொண்டு நிறுவனத்தார் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கையர் ஆகியோருக்கு ரத்தப் பரிசோதனை, புண்ணுக்குக் கட்டு, ஆணுறை, புதிய ஊசி ஆகியவற்றை அங்கே இலவசமாகத் தரப்போகிறார்களாம். மற்றவை இருக்கட்டும், ஊசி தருவதை நான் எதிர்க்கிறேன். போன மாதம் பாலாற்றங்கரையில் பந்து எடுக்கப் போன என் சின்ன மகன், மூடி கழன்ற ஊசி ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். குழலுக்குள் ரத்தம் காய்ந்திருந்தது. வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களுக்கு ஊசியையும் நாமே கொடுத்துவிட்டு, அது தவறென்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? நாடெங்குமிருந்து நோயாளிகள் தேடி வரும் வேலூர் இது. இத்தனை மருத்துவமனைகள் இருக்கும்போது தெருவுக்குள் எதற்கு?

ஓய்வுபெற்ற செவிலி, காட்பாடி:
ஐயா, முதலில் பிள்ளையைக் கவனியுங்கள். கீறல் பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துவிடுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதா என்று அட்டையைப் பாருங்கள். இப்படி யாருக்கு நேர்ந்தாலும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

அந்த ஊசி ஆற்றங்கரையில் கிடந்ததற்கு ஒரு காரணம், அதைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடம் இல்லாததே. பயன்படுத்திய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதியதைத் தருவதே இத்தகைய மையங்களின் வழக்கம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமல்ல என்று சொல்வதோடு, பழைய ஊசிக்குப் புதிய ஊசி கொடுப்பதை எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது.

மருத்துவமனை இருக்கிறதே என்கிறீர்கள். நான் வார்டில் இருந்தபோது வந்த ஒரு பையன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மறுத்தான். கழற்றியபோது முழங்கை மடிப்பில் சீழ் கோத்து, விரல்கள் வரை வீங்கியிருந்தன. மாத்திரையில் சேர்க்கப்படும் மாவுப்பொருள் ரத்தத்தில் கரைவதில்லை, நாளத்தை அடைத்துவிடும். மூன்று வாரம் மறைத்திருக்கிறான். சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தானாம். தெருவில் ஓர் அறை இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஒரு கட்டோடு முடிந்திருக்கும்.

குடியாத்தம் மருந்துக்கடைக்காரர்:
இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் வருவார்கள். ஒரே ஒரு இன்சுலின் சிரிஞ்சு கேட்பார்கள். யாருக்கு என்றால் பாட்டிக்கு என்பார்கள். மருந்தின் பெயரைக் கேட்டால் இறங்கிப் போய்விடுவார்கள். இருபது ஆண்டுகளாக நான் கொடுத்ததில்லை. அதனால் சில பையன்களாவது தப்பியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஊசிக்குச் செலவிடும் பணத்தில் போதையிலிருந்து மீட்கும் சிகிச்சையை ஒவ்வொரு தாலுகாவிலும் தரலாமே. பழக்கத்தை விடச் சொல்லாத சேவை எனக்குச் சேவையாகத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி, காட்பாடி:
உங்கள் மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனால் 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஊசி விற்பனையை இறுக்கியபோது, ஹெராயின் பழக்கமுள்ளவர்கள் பழக்கத்தை விடவில்லை. ஒரே ஊசியைப் பலரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அங்கே ஒரு மருத்துவரிடம் வந்த அத்தகையவர்களைப் பரிசோதித்ததில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது என்று 1986இல் வெளியிட்டார்கள். புதிய ஊசி தருவதால் போதைப் பழக்கம் பெருகும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும் சொல்லிவிட்டது.

சிகிச்சை வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. ஓபியம் வகைப் போதைக்கு, அதற்கு மாற்று மருந்தான புப்ரினார்பின் மாத்திரையைப் பணியாளர் கண்ணெதிரே நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கச் செய்யும் முறை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி தொற்றைப் பெரும்பாலோரிடம் 12 வார மாத்திரையில் குணப்படுத்திவிடலாம். 2018 முதல் தேசியத் திட்டத்தில் அது இலவசம். ஆனால் இவற்றுக்கெல்லாம் அந்தப் பையன் முதலில் ஒருவரை நம்பி வாசல்படி ஏற வேண்டும். ஊசிக்காக வருபவனிடம்தான் மற்றதைப் பேச முடியும்.

தேடிப் போய் மருத்துவம் செய்வது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் நூறாண்டுக்கு முன்பே குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். 1955இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மையத்தின் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, உணர்ச்சியற்ற தேமலைத் தேடினார்கள். எட்டி நின்றிருந்தால் அந்த நோயை அடக்கியிருக்க முடியாது.

ஆரணி சாலைத் திருநங்கை:
நான் ஊசி போடுபவள் அல்ல. ஆனாலும் அந்த அறைக்காகக் காத்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் ஆண்கள் வரிசையில் நின்றேன், பெண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நின்றிருந்த பெண்கள் விலகிக்கொண்டார்கள். காய்ச்சலோடு மாத்திரை வாங்காமலே திரும்பினேன். திருநங்கையர் நல வாரியம் 2008இல் அமைந்த மாநிலம் இது. அடையாள அட்டையும் என்னிடம் இருந்தது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியும், பையில் வைத்துக்கொள்ள இன்றும் பயப்படும் தோழிகள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986இல் சென்னையில் ஒரு காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, வேலூரில் பரிசோதித்த பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. எங்களைப் போன்றவர்களின் ரத்தத்தால் நாடு அறிந்துகொண்டது. நாங்கள் உட்கார்ந்து பேச ஓர் அறை கேட்கிறோம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் எங்களில் ஒருத்தி இருந்தால், நான் யார் என்பதை முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

குடியாத்தம் மருந்துக்கடைக்காரர்:
அம்மா, உங்களுக்கு நேர்ந்தது பெரும் தவறு. பரிசோதனைக்கும் மருந்துக்கும் அறை வரட்டும். ஊசியைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. எடின்பரோ செய்தியை மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சத்துவாச்சாரி வாசி:
சின்னவனை நேற்று அழைத்துச் சென்றேன், தொற்று இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கை மையத்தின் வாசலில், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். என் பிள்ளை எந்தத் தவறும் செய்யாதபோதே எனக்கு அப்படி இருந்தது.

ஊசி விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம் இன்னும் வரவில்லை. பள்ளி விடும் நேரத்தில் அறை மூடியிருக்க வேண்டும், கொடுத்த ஊசியும் திரும்பிய ஊசியும் கணக்கில் வர வேண்டும், ஆற்றங்கரையில் கிடப்பதை வாரம் ஒருமுறை அவர்களே பொறுக்கியெடுக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன். எழுதித் தந்தால் கையெழுத்திடுவேன். ஞாயிறு மாலை தெருக்காரர்கள் கூடுகிறோம். செவிலியம்மா, நீங்கள் வர முடியுமா? ஆரணி சாலையிலிருந்து அவரும் வருவதானால் நாற்காலி போட்டு வைக்கிறேன்.