பண்டிகை நெருங்கினாலே உடம்பு பதறுகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வன்னிக்காரி:
போரூரில் குடியிருக்கிறேன். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவள் என்றால் மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்வீர்கள். லட்சுமி வெடியும் சரவெடியும் எனக்கு எப்போதோ பழகிவிட்டன. வெடித்த பிறகுதான் காதில் விழுகின்றன, அதோடு சரி. ராக்கெட் அப்படியில்லை, முதலில் கூவும். தூரத்தில் ஷெல் குத்தும், அதாவது ஏவும் சத்தம் கேட்டதும் அது எங்கே விழுகிறது என்று தெரியும் வரை எண்ணிக்கொண்டு கிடந்தவர்கள் நாங்கள். கூவல் கேட்டால் இன்றைக்கும் வாய் தானாக எண்ணத் தொடங்குகிறது.

மேல் வீட்டுச் சிறுமி அதிரசத் தட்டோடு படியிறங்கி வந்தாள். தெருவில் யாரோ பாட்டிலில் நிறுத்திய ராக்கெட் சாய்ந்து எங்கள் மதிலுக்கு மேலே சீறியது. அடுத்த நொடி நான் குப்புறக் கிடக்கிறேன், எனக்கு அடியில் அவள். புதுப் பாவாடை முழுக்க எண்ணெய். பிள்ளை அழவில்லை. விளையாட்டு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தீபாவளி வந்தால், “அத்தை, படுக்கும் விளையாட்டு எப்போது?” என்று கதவைத் தட்டுகிறாள். அவளுடைய அம்மா பின்னால் நின்று எதுவும் பேசாமல் என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

கீச்சாங்குப்பத்தான்:
இந்த வெடியை அடியோடு தடை செய்தால்தான் உருப்படுவோம், அக்கா.

எங்கள் வீட்டுப் பண்டிகை கிறிஸ்துமஸ். நாகப்பட்டினத்தில் அதற்கு மறுநாள் என்ன நாள் என்று விளக்க வேண்டியதில்லை. தெருவில் நட்சத்திரம் கட்டத் தொடங்கியதும் அம்மா ரேஷன் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுவார். அதெல்லாம் எங்களுக்குப் பழகிய சங்கதி. எனக்கு உறுத்துவது வேறு. 26ஆம் தேதி எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை, கரையில் பால் ஊற்றிப் பூத் தூவுவோம். ஒரு வருடம் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் அம்மாவிடம், “கொஞ்சம் கடலைப் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது” என்றார். 2004க்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டியே உட்காருகிறவர் என் அம்மா. அன்றைக்குத் திரும்பி நின்றார். முந்தானை நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே, போதும் என்று அந்த ஆள் சொல்லும் வரை நின்றார். ஏன் மறுக்கவில்லை என்று இன்றுவரை கேட்கவில்லை.

சாத்தூரான்:
தடை செய் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம், தம்பி. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரத்துக்குத்தான் அனுமதி. அதை ஒருவரும் மதிப்பதில்லை என்று கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன். தொழிலையே மூடு என்றால் எங்கள் பக்கத்து அடுப்பில் எதை வைப்பது? வன்னிக்கார அக்காகூடத் தடை கேட்கவில்லை, நன்றாகப் படித்துப் பாருங்கள்.

என் அப்பா பட்டாசு ஆலையில், வெடிமருந்து கையாளும் மணிமருந்து அறையில் நடந்த விபத்தில் உயிர் தப்பியவர். உராய்வில் பற்றிக்கொண்டது. தீபாவளி அன்று தெருவே அதிர்ந்தாலும் திண்ணையில் சாய்ந்து செய்தித்தாள் படிப்பார். முந்தின நாள் இரவு அம்மா அல்வா கிண்டும்போது கரண்டி சட்டியின் அடியில் கரகரவென்று உரசியது. அவ்வளவுதான். வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் சாலைவரை ஓடினார். அன்றிலிருந்து அம்மா மரக்கரண்டிதான். அப்பாவிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மனம்விட்டுப் பேசு:
எனக்கும் ஒரு விபத்துக்குப் பிறகு ஹாரன் சத்தம் ஆகாது. அதை விடுங்கள். எல்லோரும் ஒன்றைக் கவனியுங்கள். இதற்கெனப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்து, அந்த நினைவின் வேகத்தைக் குறைக்கும் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. இந்தியாவில் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் 1926. படபடப்பு வரும்போது கண்ணில் படும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், காலைத் தரையில் அழுத்துங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பண்டிகை நாள் பார்த்துக் குடிக்காதீர்கள். அன்று தூக்கம் வருவதுபோல் இருக்கும், மறுநாள் இரட்டிப்பாகத் திரும்பும். வீட்டில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடிந்தால் ஊரைவிட்டுப் போய்விடுங்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. வன்னிக்காரி, நீங்கள் அந்தச் சிறுமியின் அம்மாவிடம் நேராகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

வன்னிக்காரி:
நன்றி. அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு என் வீட்டில் இட்லி சாப்பிடத்தான் எனக்கு ஆசை. கொக்குக்கு அடைக்கலம் கொடுக்கும் ஊருக்கு நான் ஏன் ஓட வேண்டும்?

வாவிக்கரை:
மட்டக்களப்பு. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது வேறு கோவில், ஆனாலும் அதே ஊர். அதற்குப் பிறகு நத்தார் (கிறிஸ்துமஸ்) நள்ளிரவுப் பூசையில் நான் கதவோரமாகத்தான் இருப்பேன். ஒரு வருடம் முதுகுப்பையோடு ஓர் இளைஞர் தாமதமாக வந்து என் அருகில் அமர்ந்தார். வாசலில் பையைச் சோதித்துத்தான் விட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். பாடகர் குழு பாடுகிறது, என் கண் அந்தப் பையின் ஜிப்பை விட்டு நகரவில்லை. அவர் கையை வைத்ததும் எழுந்துவிட்டேன். எடுத்தது பால்போத்தல். பின்வரிசையில் மனைவி குழந்தையோடு நின்றிருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்த்தவர், பையை எடுத்துக்கொண்டு தானே வேறு வரிசைக்குப் போய்விட்டார். அவர் போனது ஏன் என்பதுதான் மனதைக் குடைகிறது. கோபமா, புரிந்துகொண்டாரா?

கீச்சாங்குப்பத்தான்:
சாத்தூர் அண்ணன் சொன்னதற்கு நாளைக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன், விடப்போவதில்லை. அதற்கு முன்னால் ஒன்று: அந்தக் கொள்ளுகுடிப்பட்டிக்குத் திருப்பத்தூரிலிருந்து பஸ் இருக்கிறதா? அம்மாவுக்குக் கொக்கு, நாரை என்றால் பிடிக்கும். கடலும் கிட்டத்தில் இல்லை.