'தடை மங்கல்' வேண்டாம், 'பிடி தளர்வு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரேக் டிரம் (சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டக் கூடு) சூடேறி வண்டி நிற்காமல் போவதை ஆங்கிலத்தில் 'brake fade' என்பார்கள். அதற்குத் 'தடை மங்கல்' என்ற தமிழ்ச்சொல் போன வாரம் இங்கே நம் கலைச்சொல் பேச்சில் வந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. விளக்கு மங்கும், சாயம் மங்கும், கண் மங்கும். பிரேக்கைப் பற்றிப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், "நல்லா பிடிக்குது", "இறக்கத்துல பிடிக்கல" என்பார்கள். வினைச்சொல் நம் வாயிலேயே இருக்கிறது. அதனால் 'பிடி தளர்வு' என்று முன்மொழிகிறேன். ஒற்றுப் போட்டுப் 'பிடித்தளர்வு' என்று சேர்த்தால் கண் அதைப் 'பிடித்த' என்று வாசித்துவிடுகிறது. இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

ஆனால் இந்த ஒரு சொல் போதாது. ஏன் என்பதற்குப் பழைய கார்களின் கதைக்குப் போக வேண்டும்.

1888இல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரில் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போன வழியில், தேய்ந்த பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். அப்புறம் டிரம் வந்தது. முதலில் டிரம்முக்கு வெளியே பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். 1902இல் பிரான்சின் லூயி ரெனோ, டிரம்மை அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைகளான ஷூக்களை உள்ளே வைத்தார். இங்கேதான் சிக்கல். சூட்டில் டிரம் விரிந்தால் வெளிப்பட்டை தானாக இறுகும். உள்ளே இருக்கும் ஷூவிடமிருந்தோ டிரம் விலகிப் போகும். 300 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 1 மி.மீ. கூடும். பெடல் அந்த அளவுக்கு ஆழமாக இறங்கும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஒரு குறையும் இருக்காது.

லைனிங்கே சூட்டில் உராய்வை இழப்பது வேறு சங்கதி. அதில் உள்ள பிசின் கருகி வாயு விடும். எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். இதைத்தான் 'பிடி தளர்வு' என்கிறேன். முந்தையதை 'டிரம் விலகல்' எனலாம். டிரம்முக்குப் பதில் தட்டையான வட்டை இருபுறமும் அழுத்தும் வட்டு பிரேக்கில் பிடி தளர்வு வரும், டிரம் விலகல் வராது. சூடேறிய வட்டு லைனிங்கை நோக்கித்தான் தடிக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கும் மாணவர் குழம்பிப்போவார்.

சோதனைகளுக்கும் இதே பிரிவினை தேவை. 1900இல் ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் காட்டிய முறையில், 10 மி.மீ. எஃகுக் குண்டை 3000 கிலோ பாரத்தில் உலோகத்தில் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை அளப்பார்கள். அது உலோகத்தின் கடினத்தன்மையைப் பார்க்கும் சோதனை. தேய்மானத்தைப் பற்றி ஓரளவு சொல்லும், சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டிரம்மைச் சுழலவிட்டு ஷூவைத் திரும்பத் திரும்ப அழுத்தி, சூடு ஏற ஏற முறுக்குவிசை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்குப் 'பிடி தளர்வுச் சோதனை' என்ற பெயர் அப்படியே பொருந்தும். டிரம்மின் உலோகத்திலும் தேய்மானம், சூடு இரண்டையும் பார்க்க வேண்டும். தகட்டை அழுத்திச் செய்த எஃகு டிரம்கள் எடை குறைந்தவை. ஆனால் கோடு விழுந்து, வட்டம் கோணிப்போயின. சாம்பல் வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட் செதில்கள் சூட்டைக் கடத்தும், கிறீச்சிடும் அதிர்வையும் அடக்கும். எஃகுக் கூட்டுக்குள் வார்ப்பிரும்பைச் சுழற்றி ஊற்றிய டிரம்கள் பின்னால் வந்தது இதனால்தான்.

'கோடு விழுதல்' என்பதும் பட்டறைச் சொல்தான். கழற்றிய டிரம்மின் உள்பரப்பில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். 'வரித்தேய்வு' என்று புதிதாகச் செய்ய வேண்டாமே.

டிரம்மை 'உருளை' ஆக்குவதையும் நான் ஏற்கவில்லை. அதே சக்கரத்துக்குள் உருளை என்று நாம் அழைக்கும் சிலிண்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 'டிரம்' அப்படியே இருக்கட்டும். 'விலகல்' மட்டும் புள்ளியியலில் வேறு பொருளில் வழங்குகிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?