புதுப்பிப்பு: பில்லிங்ஸில் மெனோராவுக்கு முன்னும் பின்னும்

போன இழையில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ் நகரைப் பற்றி எழுதியிருந்தேன். 1993 டிசம்பரில், யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்காக மெனோரா என்ற பல கிளை விளக்கை வைத்திருந்த யூதச் சிறுவனின் அறை ஜன்னலில் கல் வீசினார்கள். 'பில்லிங்ஸ் கெஜட்' நாளிதழ் முழுப் பக்க மெனோரா படம் அச்சிட, அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்பதைக் காட்ட ஆயிரக்கணக்கான வீடுகள் அதை ஜன்னலில் ஒட்டின.

"படம் ஒட்டினால் வெறுப்பு போய்விடுமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊர் படத்தோடு தொடங்கவில்லை. அதற்கு முன்பே, பூர்வகுடிப் பெண் ஒருவரின் வீட்டுச் சுவரில் இனவெறி வாசகங்களைக் கிறுக்கியபோது, பெயின்டர்கள் சங்கத்தினர் திரண்டு வந்து கூலி வாங்காமல் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குள் இனவெறிக் கும்பல் வந்து மிரட்டலாக உட்கார்ந்தபோது, மற்ற சபையினர் ஆராதனைக்குப் போய்க் கூடவே அமர்ந்தார்கள். கையெழுத்து இயக்கத்தைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆபத்து இருந்த இடத்துக்கே நேரில் போயிருக்கிறார்கள்.

அப்புறம், மெனோரா ஒட்டிய யூதரல்லாத வீடுகள் மீதும் கல் விழுந்தது. ஒரு மெதடிஸ்ட் தேவாலய ஜன்னலும் உடைந்தது. அதன் பிறகும் இன்னும் பல வீடுகளில் படம் ஏறியது.