புரோக்கரோடு எழுதின காகிதம் செல்லுமா? அவசரம்

நிலாவெளிப்பொடியன்: வணக்கம். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் எங்கட காணியை விற்க ஒரு புரோக்கரோடு ஒப்பந்தம் எழுதினோம், இப்ப நாங்களே ஆள் பிடித்து விற்றுவிட்டோம், அவர் 3 சதவீதம் கேட்டு வாசலில் நிற்கிறார். நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னால் எழுதவேயில்லை, வெறும் தாளும் முத்திரையும்தான். செல்லாதுதானே? நாளைக்கும் வருவாராம், கெதியாகச் சொல்லுங்கள்.

உவர்மலையான்: தாளில் என்ன எழுதியிருக்கிறது? காலம் போட்டிருக்கா? வாங்கினவர் அவர் கூட்டிவந்த ஆளா? காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில்? ஒன்றும் சொல்லாமல் செல்லுமா என்றால் எப்படி!

கொட்டியாரம்: தம்பி பயப்படாதீங்க. காணி விஷயம் எதுவும் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் செல்லாது, 1840ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கு. வரட்டும், பார்க்கலாம்.

கச்சேரியடி: இதை இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. கொட்டியாரம் அண்ணை, 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை முழுதாக வாசித்தீர்களா? 2ஆம் பிரிவு காணியை விற்பதற்கும் கைமாற்றுவதற்கும், விற்பதாக உடன்படுவதற்கும்தான். ஆள் பிடித்துத் தந்தால் கூலி தருவேன் என்பதில் காணி கைமாறவில்லை. அதற்குச் சாதாரண எழுத்து போதும், வாய்ப்பேச்சே போதும், ஆனால் அதை நிரூபிப்பது பெரும்பாடு. முத்திரை ஒட்டியதும் ஒட்டாததும் இங்கே பெரிய விஷயமில்லை.

உவர்மலையான்: அதுதான் கேட்டேன். அவர் காட்டின ஆள் வாங்கியிருந்தால் கொமிஷன் கொடுக்கத்தான் வேணும். நீங்களே பிடித்த ஆள் என்றால், 'இந்தக் காலத்துக்குள் யார் மூலம் விற்றாலும் தரகு உண்டு' என்ற வரி தாளில் இருக்கா என்று பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம்.

நிலாவெளிப்பொடியன்: 6 மாதம் என்று இருக்கு. வாங்கினவர் அம்மாவின் சொந்தக்காரர். கையெழுத்து நான் போட்டது, உறுதி அம்மா பெயரில்.

கச்சேரியடி: பார்த்தீர்களா, முக்கியமானது கடைசியில்தான் வருகிறது! அம்மா தனக்காகக் கையெழுத்திட உங்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தந்தாரா? இல்லையென்றால் அந்தத் தாள் அம்மாவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். ஆனால் உங்கள் பெயரில் கையெழுத்திட்டிருந்தால் புரோக்கர் உங்களைத்தான் பிடிப்பார்.

ஆலஸ்தோட்டம் ரவி: அம்மா யாழ்ப்பாணமா? அப்படியென்றால் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்பனையே நிற்காது. புரோக்கரை விடுங்கள், அதைப் பாருங்கள்.

கொட்டியாரம்: திருகோணமலையில் ஏது தேசவழமை? அது வடக்குக்கு.

ஆலஸ்தோட்டம் ரவி: தேசவழமையில் முன்வாங்கும் உரிமை, அதாவது விற்கும்போது பங்காளி போன்றவர்கள் முதலில் வாங்கும் உரிமை, வடக்கிலுள்ள காணிக்குத்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கணவன் சம்மதம் ஆளோடு போகும், காணியோடு இல்லை. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டத்தைப் பாருங்கள்.

கொட்டியாரம்: இங்கேயே பிறந்து வளர்ந்து வாக்கும் இங்கே போடுகிற ஆளுக்கு எப்படி ஆளோடு போகும்? எங்கட பெரியம்மா யாரிடமும் கேட்காமல் சாம்பல்தீவில் விற்றார், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

உவர்மலையான்: பெரியம்மா விற்றதெல்லாம் சட்டமாகாது, அண்ணை. தம்பி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா? அப்படியென்றால் பிரதேச செயலாளரின் அனுமதி எங்கே? அதையும் சொல்லுங்கள்.

கச்சேரியடி: தம்பிக்கு இன்னொன்று. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் வரை வழக்குப் போடலாம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். 'காலம் போனால் மறந்துபோவார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரோக்கர் முதலில், வழக்குக்கு முன் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்குப் போவார், அங்கே தாளையும் பேச்சையும் பார்த்துப் பேரம் பேசலாம். தாளின் போட்டோப் பிரதியை மட்டும் வாங்கி வையுங்கள், மூலத்தை அவரிடம் விடுங்கள்.

ஆலஸ்தோட்டம் ரவி: கொட்டியாரம் இன்னும் பதில் சொல்லவில்லை, நிரந்தரமாக இடம் மாறினால் தேசவழமை ஆளை விட்டுப் போகுமா போகாதா?

நிலாவெளிப்பொடியன்: லோயரிடம் காட்டினேன். யார் மூலம் விற்றாலும் என்ற வரி இல்லையாம், 6 மாதம் மட்டும்தான். புரோக்கர் அலைந்த செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தாச்சு. நன்றி.

உவர்மலையான்: எவ்வளவு கொடுத்தீர்கள்? ரசீது எழுதி வாங்கினீர்களா?

கொட்டியாரம்: போகும் ரவி. நிரந்தரமாக வந்தவருக்குப் போகும். எந்தத் தீர்ப்பில் போகாது என்று இருக்கு, காட்டுங்கள் பார்ப்போம்.