‘சமைத்துப் பார்’ மீனாட்சி அம்மாளிடம் சமையல் கற்ற அனுபவம்

எஸ். மீனாட்சி அம்மாளை நான் நேரில் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆனாலும் சமையல் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன். கல்யாணமான கையோடு டில்லியில் குடித்தனம் வைக்கப் போனபோது, மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகத்தின் தன்னுடைய பழைய பிரதியை அம்மா பெட்டியில் வைத்து அனுப்பினார். ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து. ‘ஆழாக்கு – நம் வீட்டு டம்ளர், தலை தட்டி’ என்று ஓரிடத்தில். பலம் என்ற எடை வருமிடங்களில் ‘35 கிராம்’. முதல் பதிப்பு 1951-ல் வந்தது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல்தான் வந்தது. பழைய அளவுகளை ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால் ‘திட்டமாகப் போடு’ என்பார்கள். பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதும். அடுப்படியை விட்டுத் தூர வந்துவிட்ட பெண்ணுக்குப் போதாது. அந்தத் திட்டத்தை எழுத்தில் பிடித்துக்கொடுத்தவர் மீனாட்சி அம்மாள். எது எவ்வளவு, எதை முதலில் வறுப்பது, புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு எதைச் சேர்ப்பது என்று வரிசை தப்பாமல் சொல்வார். வத்தக்குழம்பு எனக்குக் கைவந்தது அப்படித்தான்.

சிறு வயதிலேயே கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர் அவர். சமையல் குறிப்புக் கேட்டு வருகிறவர்கள் பெருகவே, புத்தகமாகவே எழுதிவிடு என்று ஊக்கியவர் உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண் தன் பெயரிலேயே சமையல் புத்தகம் போட்டு, அது தலைமுறை தலைமுறையாகக் கல்யாணச் சீர்வரிசையில் இடம்பிடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

*

‘சமைத்துப் பார்’ பற்றி மேலே எழுதிய அம்மாவுக்கு இன்னொரு வாசகனின் வணக்கம். எங்கள் வீட்டு மீன்குழம்புக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அது பிராமண வீடுகளின் சைவச் சமையல். தமிழ்நாட்டுச் சமையல் முழுவதும் அதற்குள் அடக்கம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மீனாட்சி அம்மாள் காட்டிய வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

என் அப்பத்தாவின் கைப்பக்குவத்தை நோட்டில் எழுத உட்கார்ந்தபோது அதைத்தான் பின்பற்றினேன். அப்பத்தா மிளகாய்த்தூளை அள்ளியதும் கையைப் பிடித்து நிறுத்துவேன். தட்டில் கொட்டச் சொல்லி, ஸ்பூனால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே சட்டிக்குப் போக விடுவேன். ‘கொதிக்கிற குழம்பை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறாயேடா’ என்று சத்தம் போடுவார். ஆனால் மறுநாள் அவரே, ‘நேற்று மல்லியைக் குறித்தாயா?’ என்று கேட்பார். அயிரை மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, உப்புக்கண்டம் எல்லாம் அளவோடு அந்த நோட்டில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு ஒரு நகல் போட்டு அனுப்பியிருக்கிறேன்.