புதுப்பிப்பு: பையில் பீர் காய்ச்சும்போது ஏறி இறங்கிய மேஷ் திறன்

சென்ற மாதம் புலம்பியிருந்தேன்: அதே 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), அதே 67 டிகிரி வெந்நீர், அதே ஒரு மணி நேர ஊறல், ஆனால் மேஷ் திறன், அதாவது மால்ட்டிலிருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில் சாற்றில் இறங்கும் பங்கு, ஒருமுறை 60 சதவீதம், மறுமுறை 74. மால்ட்டைத் துணிப்பையில் போட்டு ஊறவைக்கும் இந்தப் பை முறையைப் பரப்பிய ஆஸ்திரேலியாவிலேயே இருந்துகொண்டு இப்படித் தடுமாறுவது வெட்கமாகத்தான் இருந்தது.

தண்ணீரைச் சந்தேகித்தவர்களுக்கும் பையைச் சந்தேகித்தவர்களுக்கும் நன்றி. குற்றவாளி அரைவைதான். கடையில் அரைத்து வாங்கிய மால்ட்டை ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். பத்தில் இரண்டு மணி உடையாமல், நகத்தால் கீறினாலும் அசையாமல் கிடந்தது. அடுத்த மூட்டையில் அப்படி இல்லை. ஆகவே கையால் சுற்றும் அரைவை இயந்திரம் ஒன்று வாங்கி, உருளை இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்கு வைத்தேன். வடிகட்டுவது பை, உமி நொறுங்கினாலும் வடிதல் அடைபடாது.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. சாற்றின் அடர்த்தியை, அதன் வழியே சர்க்கரையை, அளக்கும் மிதவைக் கருவி ஹைட்ரோமீட்டர். 20 டிகிரிக்கு அளவிட்ட அதை 60 டிகிரிச் சாற்றில் மிதக்கவிட்டால் ஏறக்குறைய 16 புள்ளி (அடர்த்தியில் 0.016) குறைத்துக் காட்டும். அட்டவணை பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன், சில நாள் மறந்தும் போனேன். இப்போது ஆறவைத்துத்தான் பார்க்கிறேன்.

மால்ட் கொட்டியதும் கட்டியில்லாமல் கிளறல், இடையில் இரண்டு முறை. கடைசியில் பையைத் தொங்கவிட்டுப் பிழிதல். கடந்த மூன்று காய்ச்சலிலும் 73, 74, 74.

கோதுமை மால்ட் மட்டும் இன்னும் படுத்துகிறது. சிறுத்த மணி, உருளைக்கு நடுவே நழுவிவிடுகிறது. அதை இரண்டு முறை அரைத்துப் பார்க்கப்போகிறேன்.